வாசல் கோட்டில் ஒரு ‘நா’

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. மூன்று பேர் எப்படிக் கூடினார்கள் என்று கேட்காதீர்கள். பக்கத்து வீடுகளில் அடுப்பு எரியாத நாளில் சாப்பிட வந்தவர்கள், வந்தபடியே இருந்துவிட்டார்கள். எட்டில் ஒன்றுகூட என் கைக்குத் தப்பி வாசலைத் தாண்டி ஓடியதில்லை. அது சும்மா வந்த திறமை இல்லை. பத்து வருடம் கிளித்தட்டில் வாசல் கோடு காத்தவள் நான்.

நம் தெருப் பெண்கள் குழுவில் இந்த வருடம் நாலு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கோட்டில் நிற்பதைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், கடைப் பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டத் தெரியும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. பேத்தி மீனா கோவில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எழுத்தில் பிழை இருந்தால் அவளுடையது. ஆட்டத்தில் பிழை இருந்தால் என்னுடையது, அதை நானே சொல்லிவிடுகிறேன்.

எப்படிக் குனிவது, எப்படிக் கையை வீசுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைக் கால்களும் கைகளும் மைதானத்தில் தாமாகக் கற்றுக்கொள்ளும். தலை கலங்குகிற நேரம் என்று ஒன்று வரும். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கப்பல் வேலைக்குப் போன என் மூன்றாவது மகன் அமெரிக்காவில் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு வந்தான். முட்டை மாதிரி ஒரு பந்தாம். எல்லாரும் நடுவில் முட்டி மோதிக்கொண்டிருக்க, மூலையில் ஒருத்தன் மட்டும் தனியாக நிற்பானாம். எதிராளி எங்கே போகிறானோ அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடுவானாம். நன்றாக ஆடினால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு தரம் விட்டுவிட்டால் ஊர் முழுக்கத் தெரியும். “அம்மா, அவனைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சு,” என்றான். அவனுக்கு என்ன சம்பளம் என்று கேட்டேன். சொன்னான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

எங்களுக்கும் அது பிழைப்புத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதினாறு, பதினேழு வயது. ரங்கூன் க்யிம்யிண்டைங் பேட்டையில் ஆற்றோரத்து அரிசி மில்லில் அம்மாவும் நானும் நெல் காயப்போடுகிறவர்கள். மழை பிடித்துவிட்டால் நெல் வராது, பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள். ஆனால் எங்கள் மேஸ்திரிக்குக் கிளித்தட்டு என்றால் உயிர். மில்லுக்கென்று ஒரு பெண்கள் குழு வைத்திருந்தார். குழுவில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் மழைக்காலம் முழுவதும் கிடங்கில் சாக்குத் தைக்கிற வேலை உண்டு. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும்போது கூரைக்கடியில் உட்கார்ந்து ஊசி பிடிப்பது எங்களுக்கு ராஜ வாழ்க்கை.

உங்களில் பாதிப் பேர் பர்மியத்தில் தோக்சீத்தோ என்று சொல்கிறீர்களே, அதேதான் கிளித்தட்டு. நீளமாக ஒரு கட்டம், குறுக்கே நாலு கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு. குறுக்குக் கோட்டுக்கு ஒருத்தி காவல், கோட்டைவிட்டுக் கால் எடுக்கக் கூடாது. ‘கிளி’ என்கிறவள் மட்டும் நெடுங்கோட்டில் மேலும் கீழும் ஓடலாம். எதிர்க்குழு முதல் கோட்டில் நுழைந்து, எல்லாவற்றையும் கடந்து, மறுபடி அதே முதல் கோடு வழியாகத் தொடுபடாமல் வெளியே வரவேண்டும். அந்த முதல் கோட்டுக்கு எங்கள் மில்லில் வாசல் கோடு என்று பெயர். நுழைவதும் அங்கே, தப்புவதும் அங்கே. நடுக்கோடுகளில் ஒருத்தி விட்டால் அடுத்தவள் பிடிப்பாள். வாசல் கோட்டில் விட்டால் அடுத்தவள் கிடையாது. நான் பக்கவாட்டிலேயே ஓடி ஓடி, மில் முழுக்க எனக்கு நண்டு என்று பெயர் விழுந்தது.

எனக்கு மழைக்கால வேலை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து மாமா அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தார், புறப்பட்டு வா, பையனுக்குக் காத்தாயியைக் கட்டி வைத்துவிடலாம் என்று. காத்தாயி நான்தான். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. நான் பிறந்தது இந்த ஆற்றங்கரையில். பையனைப் பற்றி மாமா எழுதியிருந்த ஒரே விவரம், பல்லெல்லாம் உறுதியாக இருக்கிறது என்பது. கேட்காமலே சொன்னதால் எனக்கு அதிலேயே சந்தேகம். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “மழைக்கு வேலை இருந்தா இங்கே இருப்போம். இல்லேன்னா திங்யான் கழிஞ்ச மறுவாரம் கப்பல்.” மேஸ்திரியும் ஒரே பேச்சுத்தான். இரண்டு வருடமாக லான்மடாவ் பேட்டைக் குழுவிடம் தோற்றாயிற்று, இந்தத் திங்யான் தண்ணீர்த் திருவிழாவிலும் தோற்றால் குழுவையே கலைத்துவிடுவேன் என்றார். ஆக, நான் கோட்டில் நின்றேன் என்றால் ரங்கூனில் நிற்பதற்காக நின்றேன்.

லான்மடாவ் குழுவில் ஒருத்தி இருந்தாள். பர்மாக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், சுருட்டுக் கொட்டகையில் சுருட்டு உருட்டுகிறவள். பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. நாங்கள் சுருட்டுக்காரி என்போம், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். என் குழுவில் யாரும் எனக்குக் கோடு காக்கக் கற்றுத்தரவில்லை. இவள் கற்றுத்தந்தாள், அதுவும் என்னைத் தோற்கடித்துத்தான்.

முதல் தடவை அவளோடு மோதியபோது நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான முகம். கண் இடப்பக்கம் போகும், நான் இடப்பக்கம் பாய்வேன், அவள் வலப்பக்கமாகச் சாவகாசமாக நடந்து போவாள். ஓடக்கூட இல்லை, நடந்து போனாள். மூன்று தரம் இப்படி. மூன்றாவது தரம் தாண்டும்போது, “வாசலைத் திறந்தே வச்சிருக்கியே தங்கச்சி, விருந்துக்குக் கூப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். சனம் சிரித்த சிரிப்பு ஆற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

ஆட்டம் முடிந்து நான் ஆற்றுப் படியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்து புளி உருண்டை ஒன்றைப் பாதி கடித்து, மீதியை என்னிடம் நீட்டினாள்.

“என் மூஞ்சியைப் பாக்காதே. மூஞ்சி பொய் சொல்லும். இதைப் பாரு,” என்று இடுப்பில் தமேன் கைலியைச் சுற்றிச் செருகியிருந்த முடிச்சைத் தட்டிக் காட்டினாள். “இது போற பக்கந்தான் நான் போவேன். என்னை விட்டுட்டு அது தனியாப் போகாது.”

இதை ஏன் எனக்குச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“நீ ஒழுங்கா நின்னாத்தானே எனக்கு ஓட ருசி.”

அன்றைக்குப் பிறகு நான் ஒருத்தியின் முகத்தையும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கக் கூட்டிப்போனபோதுகூட இடுப்பைத்தான் பார்த்தேன் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிக் காட்டினார். நீங்களும் முடிச்சைப் பாருங்கள். வாய், கண், கை எல்லாம் நாடகம் ஆடும். உடம்பின் நடு மட்டும் ஆடாது.

அவளிடம் தோற்றுத் தோற்றுக் கற்றது இன்னொன்றும் உண்டு. ஒருத்தியை விட்டுவிட்டால், எப்படி விட்டோம் என்று நினைத்துக்கொண்டே நிற்பேன். அந்த நேரத்தில் அடுத்தவள் போய்விடுவாள். ஒருத்திக்கு ஒருத்தி இனாம். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கோடெல்லாம் உமிச்சாம்பலில் போடுவது, ஓரத்தில் ஒரு குவியல் வைத்திருப்பார்கள். யாராவது என்னைத் தாண்டிவிட்டால் உடனே குனிந்து ஒரு பிடி சாம்பல் அள்ளி, அவள் மிதித்த இடத்தில் கோட்டைப் புதிதாகப் போடுவேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால் அது வேறு கோடு. இந்தக் கோட்டை இன்னும் ஒருத்தியும் தாண்டவில்லை. கையெல்லாம் கருப்பாகும், அம்மா திட்டுவாள், அது பரவாயில்லை.

இனி என்னுடைய பெரிய பிழைக்கு வருகிறேன்.

எங்கள் கிளி மா சேன். பர்மாக்காரி, மில்லில் என் முறத்துக்குப் பக்கத்து முறம் அவளுடையது. என்னையும் பர்மிய வழக்கப்படி மா காத்தா என்று கூப்பிடுவாள். அவள் பாதித் தமிழ், நான் பாதிப் பர்மியம், இரண்டு வருடம் ஒரே தூக்கில் சோறு தின்றவர்கள். பங்குனி மாதப் பகோடாத் திருவிழாவில் அக்கம்பக்கத்து மில் ஒன்றோடு ஆட்டம். கடைசி ஓட்டக்காரி என் கோட்டுக்குத் திரும்பி வந்தாள். எனக்கும் மா சேனுக்கும் நடுவில் நுழைந்தாள். அந்த இடம் யாருக்கு என்பதை அந்த நொடியில் யாராவது சொல்லியாக வேண்டும். நான் பிடிக்கிறேன், நீ அந்தப் பக்கத்தை அடை என்று சொல்ல நேரம் ஏது? “நா, நா” என்று கத்தினேன். நான் என்பதைத்தான் அப்படிக் கத்தினேன், நம் பேச்சு வழக்கம் அதுதானே.

மா சேன் அப்படியே நின்றுவிட்டாள். நின்றது மட்டுமில்லை, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். ஓட்டக்காரி அவள் விட்ட சந்தில் வெளியே போய்விட்டாள். ஆட்டம் போச்சு.

நான் மைதானத்திலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏன் நின்றாய், காலில் முள்ளா என்று கேட்டேன். அவளுக்கு என்னைவிடக் கோபம்.

“நீதானே நிக்கச் சொன்னே.”

“நான் எப்ப சொன்னேன்?”

“நா, நா-ன்னு ரெண்டு தரம் சொன்னே. நா-ன்னா இளைப்பாறு. ஆட்டத்தை நிப்பாட்டுன்னு அர்த்தம். உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். அதுதான் வெட்கம். வேலை நேரத்தில் மா சேன் “நா மயிலா”, இளைப்பாறலாமா, என்று தினமும் கேட்பாள், நானும் சரி என்று முறத்தைக் கீழே வைப்பேன். அவளுக்கும் என் ‘நா’ தெரியும். முறத்துப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் இரண்டும் தெரியும். ஓட்டத்தில் அவரவர் காது அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். திங்யானுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, வாசல் கோட்டில் தன் கொழுந்தியாளைப் போடப்போகிறேன் என்றார். கொழுந்தியாளுக்கு வெயிலில் நின்றாலே மயக்கம் வரும் என்று மா சேன் நினைவுபடுத்தினாள். கடைசியில், ஒரே ஒரு ஆட்டம் தருகிறேன், திங்யான் ஆட்டம், அதோடு உன் கதை முடிகிறதா தொடர்கிறதா பார்ப்போம் என்றார். அதற்குள் எங்கள் கூத்து சந்தை முழுக்கப் பரவிவிட்டது. மீன் விற்கிறவள்கூட என்னைக் கண்டால் “நா, நா” என்று சொல்லிவிட்டு மீனைக் கீழே வைத்து மூச்சு வாங்குவாள்.

வேறு ஒரு சொல் வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மா சேன் ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை.

“நீ ஒண்ணுமே சொல்லாதே, மா காத்தா. பேசாம இருந்தா ஓடி வர்றவ உன்னோடவ. என்னைக் கூப்பிட்டா என்னோடவ.”

எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் பிள்ளைகளைக் கேளுங்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், அதுவரை நான் கத்தியதெல்லாம் மா சேனுக்காக இல்லை, என் பயத்துக்காக. வாயை மூடிப் பழகினேன். வீட்டிலும் பழகியதால் அம்மாவுக்கு எனக்குக் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

திங்யான் வந்தது. மில் மைதானத்தைச் சுற்றிச் சனம், ஒவ்வொருத்தர் கையிலும் கிண்ணம், வாளி, தகர டப்பா. திருவிழாவில் ஆட்டக்காரிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கோடு போடப் போடக் கரைந்தது. நான் குனிந்து குனிந்து சாம்பல் அள்ளி, கை முழங்கைவரை கருத்துவிட்டது. நடுவர் படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிற ஒரு பெரியவர், ஊ என்று மரியாதையாக அழைப்போம். அவரும் நனைந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஓரத்தில் நின்றாள். அவள் தண்ணீர் ஊற்றவும் இல்லை, யாரும் அவள்மேல் ஊற்றவும் இல்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. உள்ளே மிச்சம் ஒரே ஒருத்தி, சுருட்டுக்காரி. அவள் என் கோட்டைத் தாண்டி வெளியே போனால் லான்மடாவ் ஜெயித்தது. தொட்டுவிட்டால் நாங்கள்.

எனக்கு நேரே வந்து நின்றாள். முடிச்சைப் பார்த்தேன். முடிச்சு இல்லை. சுமை தூக்குகிற ஆண்கள் மாதிரித் தமேனைக் காலிடையில் வாரி முதுகுப் பக்கம் செருகியிருந்தாள். நான் தேடுவதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னைக்கு அதுக்கு லீவு கொடுத்துட்டேன் தங்கச்சி,” என்றாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். நம்பியிருந்த அடையாளம் இல்லாமல் போகும் நாள் உங்களுக்கும் வரும். அப்போது கை சும்மா இருக்காது. எதையாவது ஒன்றை அடையாளம் என்று வைத்துக்கொண்டு பாயச் சொல்லும். இடது தோள் அசைந்ததே, அதுதான் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அம்மா நிற்கிற பக்கம் கண் போகப் பார்த்தது. கப்பல், மாமா, அந்தப் பையனின் பல் எல்லாம் வரிசையாக வந்தன. நான் ஒன்றும் செய்யவில்லை. தெரியாதபோது தெரிந்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. சும்மா நின்றேன். பத்து வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அந்தச் சும்மா நிற்றல்தான்.

அவள்தான் முதலில் அசைந்தாள். நெடுங்கோட்டில் மா சேன் ஓடி வந்துகொண்டிருந்தாள். சுருட்டுக்காரி எங்கள் இருவருக்கும் நடுவே பாய்ந்தாள், பாயும்போதே உரக்க, “நா!” என்றாள்.

சந்தைக் கதை லான்மடாவ் வரைக்கும் போயிருக்கிறது. மா சேன் நின்றுவிடுவாள் என்று எண்ணிக்கொண்டுதான் சுருட்டுக்காரி அந்தச் சந்தில் நுழைந்தாள். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஓட்டக்காரி என்னுடையவள், தான் தன் பக்கத்தை அடைக்க வேண்டும் என்பதுதான் மா சேனுக்குத் தெரியும். அவள் நிற்காமல் வந்து அடைத்தாள். சுருட்டுக்காரிக்கு மிச்சம் இருந்தது என் பக்கம் மட்டும். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு வாளித் தண்ணீரை வீசினார்கள். தண்ணீருக்குள் கையை விட்டேன். விரலில் ஏதோ வழுக்கியது. கண் திறந்தபோது அவள் கோட்டுக்கு வெளியே நின்றாள்.

தொட்டேன் என்றேன். லான்மடாவ்காரர்கள் இல்லை என்றார்கள். நடுவர் ஊ கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் தண்ணீரைத்தான் பார்த்தேன் என்றார். அதோடு சுருட்டுக்காரியைப் பார்த்து, இளைப்பாற நேரம் கேட்க நீ யார் என்று அதட்டினார்.

“நான் எங்கே கேட்டேன், தமிழ்லேதானே பேசினேன்,” என்றாள் அவள்.

நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தொட்டதா இல்லையா என்பது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். எனக்கே நிச்சயமில்லை, ஈரத்தில் வழுக்கியது கையா, தண்ணீரா என்று. அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவி இதையெல்லாம் கவனிக்காமல், திருவிழா நடக்கிறது என்ற சந்தோஷத்தில், நிறைந்த கிண்ணத்தை அவள் தோளுக்கு மேல் தூக்கிவிட்டாள். அந்தக் கிண்ணம் கவிழ்ந்திருந்தால் எல்லாம் கழுவிப்போயிருக்கும், யாரும் யாரையும் குறை சொல்லியிருக்க முடியாது.

“நா!” என்றாள் சுருட்டுக்காரி. இந்தத் தடவை பர்மியத்தில்.

கிழவி கிண்ணத்தோடு நின்றாள். சுருட்டுக்காரி நனையாமல் கையை மடக்கிக்கொண்டுபோய் நடுவரிடம் காட்டினாள். முழங்கைக்கு மேலே மூன்று கருப்பு இழுப்பு. என் மூன்று விரல், என் கோட்டுச் சாம்பல்.

“நண்டு பிராண்டியிருக்கு, ஊ,” என்றாள். பிறகு கிழவியிடம் திரும்பி, “இப்ப ஊத்து, அம்மே,” என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.

நாங்கள் ஜெயித்தோம். மேஸ்திரி அழுதார், தண்ணீர்தான் என்று பிறகு சாதித்தார். அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கருப்புக் கையைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவரின் டப்பாவை வாங்கி என் தலையில் கவிழ்த்தாள். அந்த வருட மழை முழுவதும் நாங்கள் கிடங்கில் உட்கார்ந்து சாக்குத் தைத்தோம். மாமா பையனுக்கு அங்கேயே வேறு பெண் கிடைத்து, பல்லோடு சௌக்கியமாக இருந்தான் என்று கேள்வி.

சுருட்டுக்காரியோடு அதற்குப் பிறகு ஆறேழு திங்யான் ஆடினேன். சில வருடம் அவள், சில வருடம் நான். பொய்யாக ‘நா’ சொல்லி ஏமாற்றப் பார்த்தவள்தான் மெய்யாகவும் ‘நா’ சொன்னாள். இதை வைத்து அவள் நல்லவளா கெட்டவளா என்று என் பிள்ளைகள் வழக்காடுவார்கள். அவள் ஆட்டக்காரி. ஓடும்போது எல்லாத் தந்திரமும் செய்வாள், தொடுபட்டால் தொடுபட்டேன் என்பாள். நீங்கள் அவளுக்கு எதிரே நிற்கத் தகுந்தவர்களாக நில்லுங்கள், எனக்கு அது போதும்.

மீனா, எழுதியாயிற்றா? எங்கே, முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். மெதுவாக வாசி. நடுவில் நான் ‘நா’ என்று ஏதாவது சொன்னால் நிறுத்திவிடாதே. அது நான்தான்.